தொட்டிக்கு ஏற்ற மணல்

சாத்தூர் மாரீஸ்வரன் சுவரேறிக் குதிக்கிற ரகம் இல்லை. பட்டப்பகலில் காலிங்பெல் அடித்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, மரியாதையாக உள்ளே போய்த் திருடுகிறவன். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பட்டாசுக் கம்பெனி முதலாளி சங்கரபாண்டியனின் வீட்டைப் பற்றி அவன் கேள்விப்பட்டது நாரணாபுரம் டீக்கடை ஒன்றில். முதலாளியின் டிரைவர் செல்வக்குமார் பக்கத்தில் இருந்தவனிடம் ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தான். வடை போடுகிறவர் வரைக்கும் கேட்கிற ரகசியம்.

"ரெய்டு வரும்னு பயம்லே. அம்மா வைரத்தையெல்லாம் மீன் தொட்டி மணலுக்குள்ள பொதைச்சு வச்சிருக்காக. அங்கன போயி எவன் தேடப்போறான்?"

மாரீஸ்வரனுக்கு டீ புரையேறியது. மதுரையில் ஒரு வண்ணமீன் கடையில், கல்லாவில் கை வைத்துப் பிடிபடும்வரை, வேலை பார்த்தவன் அவன். மீன் தொட்டி என்றால் தலைகீழாகத் தெரியும்.

சிவகாசியில் விசிட்டிங் கார்டு அடிக்கவா ஆள் இல்லை? கார்டோடு போய் நின்றான். முதலாளியின் மனைவி ஞானசுந்தரி கதவைத் திறந்தாள்.

"புதுசா வண்ணமீன் கடை போட்டிருக்கோம்மா. பெரிய வீடுகளுக்கு மட்டும் முதல் சர்வீஸ் இலவசம்."

"இலவசமா? உள்ள வாப்பா."

ஹாலில் சுவரையே அடைத்துக்கொண்டு நின்றது தொட்டி. செடிகள் மஞ்சளடித்துச் சாய்ந்திருந்தன. அவன் ஒரு சிட்டிகை மணலை எடுத்து வினிகர் விட்டான். பொசபொசவென்று நுரைத்தது.

"பாத்தீகளாம்மா? மணல்ல கிளிஞ்சல் கெடக்கு. சுண்ணாம்பு எறங்கித்தான் செடி இந்தப் பாடு படுது. மொத்தமா அள்ளிட்டு வேற போடணும்."

சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் அவனுடைய தொழில் நேர்த்தி.

"வேறன்னா என்ன மணல் போடுவே?"

கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு மூட்டை அள்ளி வருவதாகத்தான் அவனுடைய திட்டம். "நல்ல ஆத்து மணலும்மா" என்றான்.

"அது வேண்டாம். ரொம்ப நைசா இருந்தா இறுகிப்போயி வேருக்கு மூச்சு முட்டும். அடியில செடிக்கான உரமண்ணு, மேல கருமணல். சாயம் ஏத்துனதைக் கொண்டாந்துராத, கழண்டுரும். ஒரிஜினலா இருக்கணும்."

பணக்கார வீட்டு அம்மாக்களுக்குப் போன் பார்த்து வருகிற அறிவு என்று மாரீஸ்வரன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். சாத்தூர் போய் மனைவி ரோஜாவின் கொலுசைக் கேட்டான்.

"இதையாவது விட்டு வையேன்" என்றாள் அவள்.

"கொலுசென்ன கொலுசு, ஒட்டியாணமே வாங்கித் தாரேன்."

கொலுசு அடகுக் கடைக்குப் போனது. மதுரையிலிருந்து உரமண்ணும் ஒரிஜினல் கருமணலும் வந்து இறங்கின.

மீன்களை வாளிக்கு மாற்றிவிட்டு, பழைய மணலைக் குவளை குவளையாக அள்ளிச் சல்லடையில் போட்டு அலசினான். ஞானசுந்தரி சோபாவில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். முதல் வாளி மணலில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் சோழி ஒன்று மின்னி அவன் மூச்சை நிறுத்தியது. மூலையில் இருக்கும், பம்புக்கு அடியில் இருக்கும் என்று துழாவித் துழாவி, கடைசியில் விரல் நகம் அடிக்கண்ணாடியில் கிறீச்சிட்டது.

வைரம் இல்லை.

அப்படியே ஓடிவிடலாம் என்றால் வாசலில் வாட்ச்மேன். எதிரே ஞானசுந்தரி.

"என்ன தம்பி, முகமெல்லாம் வேர்த்துருச்சு? ஃபேனைப் போடவா? புது மணலை நல்லாக் கழுவிப் போடுப்பா, இல்லைன்னா தண்ணி கலங்கிரும்."

கழுவினான். தண்ணீர் தெளியும்வரை கழுவினான். உரமண்ணைப் பரப்பி, மேலே கருமணலைப் போட்டான். பின்பக்கம் மேடாக, முன்பக்கம் சரிவாக வேண்டும் என்றாள், செய்தான். செடிகளை ஒவ்வொன்றாக ஊன்றினான். சிவப்புச் செடியை நடுவில் வைக்கச் சொன்னாள், பிடுங்கி வைத்தான். மணல் கலையாமலிருக்க ஒரு தட்டை வைத்து அதன்மேல் தண்ணீரை ஊற்றினான். முதுகு ஒடிந்தது. விளக்கைப் போட்டபோது தொட்டி கல்யாண மண்டபம் போல ஜொலித்தது. மாரீஸ்வரனுக்கு அழுகை வந்தது.

"கைராசிக்காரன்ப்பா நீ" என்றாள் ஞானசுந்தரி. போன சீசனில் விற்காமல் தங்கிய பாம்பு மாத்திரைப் பெட்டி ஒன்றை அவனிடம் நீட்டினாள். "பிள்ளைக கொளுத்தட்டும்."

அவன் கேட்டைத் தாண்டியதும் எம். புதுப்பட்டி கம்பெனியில் இருந்த கணவருக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, தொட்டி வேலை முடிஞ்சுது. போன தடவை வந்த களவாணிப்பய கடல் மணலைக் கொட்டி நம்மளை ஏமாத்திட்டான். இவன் நல்ல மாதிரி, சுத்தமா செஞ்சிருக்கான்."

"கூலி ஏதும் கேட்டானா?"

"எப்படிக் கேப்பான்? சரி, நம்ம கிணத்துல ஒரு ஆள் ஒயரத்துக்குச் சேறு கெடக்கு. வைரத்தையெல்லாம் அங்கன மாத்தியாச்சுன்னு நாளைக்கு செல்வக்குமாரை டீக்கடையில பேசச் சொல்லுங்க."