முழங்கால் தண்ணீர்

விடுதியின் வரவேற்பு மேசைமேல் ஆறு கடற்கரைகளின் படம் போட்ட அட்டையை வைத்துக்கொண்டு, லிஃப்ட் மெக்கானிக் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருந்தார்.

முதலாவதில் அலை அதிகம். வேண்டாம்.

இரண்டாவதில் பாறை. மூன்றாவதில் 'நீந்தத் தெரிந்தவர்கள் மட்டும்' என்று சிவப்பில் போட்டிருந்தது. அந்தப் பக்கம் அவர் கண்ணைக்கூடக் கொண்டுபோகவில்லை.

பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். பதினைந்து வயது. அவர் காதளவுக்கு வளர்ந்துவிட்டாள். நேற்று ரயில் நிலையத்தில் வேறு யாரோ என்று நினைத்து அவளைத் தாண்டியே போய்விட்டார் மனிதர். நல்லவேளை, அவள் கூப்பிட்டாள்.

அவளுடைய அம்மாவும் அவரும் பிரிந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நடுவில் ஃபோன் மட்டும் உண்டு. பிறந்தநாளுக்கு ஒன்று, பரீட்சை முடிந்தால் ஒன்று. நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன். அதோடு சரி.

இந்த நான்கு நாளைக் கெஞ்சி வாங்குவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. திரும்பிப் போகிறபோது, அடுத்த லீவுக்கும் வருகிறேன் என்று அவளாக வாய் திறந்து சொல்லவேண்டும். அவருக்கு வேறெதுவும் வேண்டாம்.

மூன்று மாதமாக இதே வேலை. எந்தக் கடற்கரையில் நிழல், எங்கே உடை மாற்ற அறை, எங்கே ஆழம் குறைவு என்று விடுதிக்கு ஃபோன் போட்டுப் போட்டு அவர்கள் உயிரை எடுத்திருந்தார். காற்றடைக்கிற வளையம் ஒன்றுகூட வாங்கியாகிவிட்டது. மஞ்சள் நிறம், முன்னால் வாத்துத் தலை.

"அஞ்சாவதுக்கே ரெண்டு சீட் போடுங்க. முழங்கால் தண்ணிதான்னு சொன்னீங்களே, அது."

வரவேற்பாளர் மகளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "சார், அது கைக்குழந்தை வச்சிருக்கவங்க போற இடம்."

"இவளும் குழந்தைதாங்க. தண்ணின்னாலே அலறுவா."

சொல்லும்போது அவருக்குப் பெருமையாக இருந்தது. மகளைப் பற்றித் தனக்கு மட்டும் தெரிந்த சங்கதி அல்லவா! ஆறு வயதில் ஓர் அலை அவளைக் குப்புறத் தள்ளிவிட்டது. வாயெல்லாம் மணல். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என்னை விட்டுடாதப்பா என்று கத்திய கத்தலில் கடற்கரையே திரும்பிப் பார்த்தது.

மகள் அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அட்டையைப் பார்த்தாள்.

பயம் இன்னும் போகவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

வேனில் போவதற்கு ஒரு படிவம் தந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் ஆயிற்றே, பொடி எழுத்தையும் விடாமல் படித்தார். மகளின் பிறந்த தேதியைத் தட்டுத்தடுமாறாமல் எழுதினார். 'நீந்தத் தெரியுமா?' என்ற இடத்தில் 'தெரியாது' என்பதில் அழுத்தமாக ஒரு டிக். கீழே கையெழுத்து. அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. முப்பது வருஷமாக அதே பாணி.

பதினெட்டுக்குக் கீழே என்றால் வயதுக்கு ஏதாவது அட்டை காட்டவேண்டுமாம்.

அவரிடம் ஏது? மகளின் பெயர் போட்ட காகிதம் ஒன்றுகூட அவர் வீட்டில் கிடையாது. அசடு வழியச் சிரித்தார்.

மகளின் கை பைக்குள் போனது. வெறுமனே வெளியே வந்தது. மறுபடி போய், ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தது.

மாநில நீச்சல் அணி. இளையோர் பிரிவு. நான்காம் ஆண்டு.

வரவேற்பாளர் அட்டையைத் திருப்பினார். 'தந்தையின் சம்மதம்' என்ற இடத்தில், பழைய சம்மதப் படிவத்திலிருந்து எடுத்து அச்சடித்த ஒரு கையெழுத்து. கோடு. இரண்டு புள்ளி.

"இது உங்க கையெழுத்துதானே சார்?"

அவருடையதேதான்.

வருஷா வருஷம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் அவளுடைய அம்மாவிடமிருந்து ஓர் உறை வரும். உறையின் மேல் முன்னாள் மனைவியின் எழுத்தைப் பார்த்ததுமே அவருக்குச் சுர்ரென்று ஏறும். உள்ளே இருக்கிற காகிதத்தில் ஒரு வரி படித்ததில்லை. பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார். தாமதம் பண்ணினார் என்று ஒரு சொல் வந்துவிடக்கூடாது பாருங்கள், அந்த வீறாப்பு. ஏதோ பள்ளிக்கூடத்துக் காகிதம் என்று நினைத்தார். நினைத்தாரா, அதுகூட இல்லை.

அடப்பாவி மனுஷா, நாலு வருஷம்! ஒரு வரி படித்திருந்தால், ஒரு போட்டிக்காவது போய் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கலாமே. பெற்ற மகள் நீந்துவதை ஊரே பார்த்திருக்கிறது.

கையெழுத்தோடு காகிதம் திரும்பி வந்தபோதெல்லாம், அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்றுதானே அவள் இருந்திருப்பாள்? தெரியாது என்பது அவளுக்கு இப்போதுதான், இந்த மேசை முன்னால் நின்று தெரிந்திருக்கிறது.

அவருக்கு மகளின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கடற்கரைப் படம் போட்ட அட்டையை அவள் பக்கம் நகர்த்தினார். நீயே சொல்லும்மா என்றார். பாதிதான் சத்தமாக வந்தது.

அவளுடைய விரல் மூன்றாவது கடற்கரையின்மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்ல இறங்கி ஐந்தாவதுக்கு வந்தது.

"இதுக்கே போலாம்ப்பா. உங்களுக்குத்தான் நீந்தத் தெரியாதே."