அளவாக ஒரு முட்டு

விறகுக் கட்டோடு ஏரிக்கரையில் போய்க்கொண்டிருந்த கழுதையை ஒரு கிடா பின்னாலிருந்து முட்டித் தள்ளியது. சேற்றில் விழுந்த கழுதைக்கு முன்னங்கால் பிசகிவிட்டது. வழக்கு அங்கே நியாயம் சொல்லும் கொக்கிடம் போனது.

கிடாவுக்கு ஒரே கவலை. வேண்டுமென்றே முட்டியதாகத் தெரிந்தால், கழுதையின் கால் தேறும்வரை அந்த விறகைக் கிடாதான் சுமக்க வேண்டும். தெரியாமல் பட்டது என்றால் வீட்டுக்குப் போய்விடலாம். எனவே வழியெல்லாம் அதையே சொல்லிப் பழகிக்கொண்டு வந்தது.

"தெரியாம பட்டுடுச்சுங்க," என்றது பணிவாக. "நான் தலையைத் திருப்பினேன், அண்ணன் குறுக்கே வந்துட்டார்."

கொக்கு காலை மாற்றி நின்றது. "தெரியாம பட்டதுக்கு என்ன செய்யறது? நீங்க போகலாம்."

கழுதைக்குப் பொறுக்கவில்லை. "பொய்யி! என்னைக் கொல்லப் பார்த்தான். ஈவிரக்கம் இல்லாத பய!"

கிளம்பிய கிடாவுக்குச் சுருக்கென்றது. முட்டியதைச் சொல்லட்டும், ஈவிரக்கம் இல்லை என்று சொல்லலாமா? விறுவிறுவென்று திரும்பி வந்தது.

"யாரைப் பார்த்து அப்படிச் சொல்றீங்க? வயித்துல முட்டியிருந்தா குடல் சரிஞ்சிருக்கும். உங்களுக்கு வலிக்கக் கூடாதேன்னு, நல்லா சதை இருக்கற இடமாப் பார்த்து, கொம்பு படாம நெத்தியால அளவாத்தான் முட்டினேன்!"

கொக்கு கிடாவை ஏற இறங்கப் பார்த்தது.

"உண்மைதான், ரொம்ப இரக்கமான ஆளு," என்றது. "கழுதையாரே, விறகை எடுத்து இவர் முதுகுல வைங்க. வலிக்கக் கூடாது. நல்லா சதை இருக்கற இடமாப் பார்த்து வைங்க."