கழுகு வராத கழுகுக் கதை

“அந்த அஸ்கத் மட்டும் என் கையில சிக்கினான்னா, கழுத்தை நெரிச்சுடுவேன்!”

“யார் கழுத்தை வேணும்னாலும் நெரிங்க கிழவரே. அதுக்கு முன்னாடி மருமகளுக்கு ஆசி சொல்லி அனுப்புங்க. கீழே உங்க மகன் காரை வெச்சுக்கிட்டு ஆரன் அடிச்சுக்கிட்டே இருக்கான்.”

“என் பத்திரிகையே போகப் போகுது, ஆசியாம் ஆசி!”

மூன்றாம் மாடியில் கிளம்பிய சண்டை முதல் மாடிவரை கேட்டது. பிஷ்கெக்கின் அந்தக் குடியிருப்பில் சுவரெல்லாம் பேருக்குத்தான். கீழ்வீட்டில் ஒரு வார்த்தை தவறிவிடக் கூடாதென்று ரேடியோவையே அணைத்துவிட்டார்கள்.

கத்தியவர் ‘பனிமுகடு’ மாத இதழின் கதைப் பகுதி ஆசிரியர்; நாவலாசிரியரும்கூட. கழுகு வைத்து வேட்டையாடிய அவருடைய அப்பா, அந்தப் பறவைக்கு அவர்கள் மொழியில் உள்ள பேரையே பிள்ளைக்கும் வைத்துவிட்டார்: புர்குத். மூக்கும் பேருக்கு மரியாதை செய்து வளைந்தே வளர்ந்தது.

எழுத்துதான் மேலே எழும்பவில்லை. அவருடைய நாவலின் விற்காத பிரதிகள் கூடத்தில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. மனைவி சாபிரா அவற்றின்மேல் விரிப்பைப் போட்டு, விருந்தாளிகளை உட்கார வைப்பாள்.

சோவியத் போனபோதே இதழும் போயிருக்க வேண்டியது. காப்பாற்றியது தபாலில் வந்த ஒரு தொடர்கதை. எழுதியவர் அஸ்கத், முகவரி கிடையாது. கழுகு வேட்டைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள், அவன் உயிராய் வளர்க்கும் பறவையோடு படும் பாடுதான் கதை. பேருந்தில், ரொட்டிக் கடை வரிசையில், பல் டாக்டர் வாசலில் எல்லாரும் அதைத்தான் படித்தார்கள்.

அதில் ஒரே ஒரு குடைச்சல். கழுகுக் கதையில் கழுகு என்ற சொல்லே இல்லை. ‘மேலே சுற்றுகிறவர்’, ‘வளைந்த அலகுக்காரர்’ என்றே போனது. புர்குத் விடுவாரா? ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் அடித்துக் ‘கழுகு’ என்று திருத்தினார். போன அத்தியாயத்தோடு தட்டச்சில் ஒரு துண்டுக் காகிதம் வந்தது: ‘அந்தச் சொல்லைப் போடாதீர்கள். போட்டால் முடிவு வராது.’

போட்டார். முடிவு வரவில்லை.

தொலைபேசி அலறியது. புருஷனோடு ஓஷ் நகரத்துக்குக் குடிபோகக் கோட்டும் தலைத்துணியுமாக நின்றிருந்த மருமகள் கனிஷாய்தான் எடுத்தாள். “ஆசிரியர் புர்குத் வீடுதானே?” என்ற அதட்டல் கூடம் முழுக்கக் கேட்டது.

“எங்க பெரியவர் வீடுதான்,” என்று சொல்லி அவரிடம் நீட்டினாள்.

பேசியது அச்சகம். சாயங்காலத்துக்குள் கடைசி அத்தியாயம் வராவிட்டால் இதழையே மூடிவிடலாம் என்று நிர்வாகக் குழு சொல்லிவிட்டதாம். சோபாக் கடைக்காரன் வந்து அலுவலக அறைகளை அளந்துகூடப் பார்த்துவிட்டானாம்.

புர்குத்தின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. “நானே ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன் கிழவி. வேட்டைக்காரனைப் பாறையிலேர்ந்து தள்ளிவிட்டேன். படிச்சா அப்படியே என் நாவல் மாதிரி இருக்கு.”

“அப்ப வேணாம்,” என்றாள் சாபிரா உடனே.

“அந்த அஸ்கத் யாரோ ஒரு கிழட்டு வேட்டைக்காரன்தான். வேட்டையில பேரைச் சொன்னா பறவை பறந்துபோயிடும்னு எங்க அப்பாவும் பயப்படுவாரு. இவன் மூடநம்பிக்கைக்கு நான் பலியா?”

“அத்தா,” கனிஷாய் மெல்ல வாயைத் திறந்தாள். அவள் கை கோட்டுக்குள் போயிருந்தது. “அந்தச் சொல்லை விட்டுடலாமே. அது இல்லாமலே எல்லாருக்கும் புரியுதே.”

“நீ சமோவாரைப் பாரு, இலக்கியத்தை நான் பாத்துக்கறேன். ஆசிரியன் திருத்தினதை ஆசிரியனே அழிச்சா, என் பேரு என்னத்துக்கு ஆகும்?”

கோட்டுக்குள் போன கை வெறுமையாகவே வெளியே வந்தது. சாபிரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; மருமகள் தலையை அசைத்ததும் மூடிக்கொண்டாள்.

கீழே மறுபடி ஆரன். புர்குத் உள்ளங்கைகளை விரித்து, “நல்லா இருங்க, பிள்ளைகுட்டியோட இருங்க,” என்று முணுமுணுத்து முகத்தைத் தடவிக்கொண்டார். கண் மட்டும் தபால்காரி வருகிறாளா என்று வாசலிலேயே இருந்தது. கனிஷாய் அவருக்குக் குனிந்து வணங்கினாள், மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதாள், வழிக்குப் பொரித்த போர்சோக் ரொட்டி மூட்டையோடு படியிறங்கினாள்.

கார் முக்குத் திரும்பியது. மலைப்பாதையில் ஏறிவிட்டால் ஓஷ் போய்ச் சேரும்வரை யாரும் யாரையும் பிடிக்க முடியாது. அந்த வீட்டில் குடியிருக்க அவள் அப்புறம் திரும்பவேயில்லை.

தபால்காரியும் வந்தாள், எதிர்வீட்டுக்கு.

புர்குத் தன் நாவல் பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்தார். வளைந்த மூக்கின் நுனியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழவும் மாட்டாமல் தொங்கியது.

“தோத்துட்டேன் கிழவி. அந்தச் சொல்லை எடுத்துடறேன். அவன் கால்ல விழச் சொன்னாலும் விழறேன். எங்கே போய் விழறது? ஒரு பறவையோட பேரை எழுதறதுக்கு அவனுக்கு அப்படி என்னதான் கஷ்டம்?”

சாபிரா தேநீர்க் கிண்ணங்களை அடுக்குவதை நிறுத்தினாள்.

“மாமனார் பேரை மருமக எப்படிங்க எழுதுவா?”