ஏணியோடு வந்தவர்

"உங்க தங்கச்சி வீட்டுக் கூரை பொத்துக்கிட்டு ஒழுகுதாம். அவ என்னடான்னா பாட்டுப் பாடிக்கிட்டு உக்காந்திருக்காளாம்!"

மனைவி சொன்னதைக் கேட்டதும் கூரைக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஊரில் பாதி வீட்டுக்குத் தகரக் கூரை போட்டவர் அவர். கூடப் பிறந்தவள் வீடு ஒழுகினால் நாலு பேர் என்ன பேசுவார்கள்?

ஆனால் அந்த வீட்டுப் பக்கம் அவர் போய்ப் பல வருஷமாகிறது. அவர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டவள் தங்கை. "உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று அன்றைக்கு வாயை விட்டவர், வீம்பை மட்டும் விடவில்லை.

மழையும் விடவில்லை. ராத்திரி புரண்டு புரண்டு படுத்தவர், விடிந்ததும் வேனை எடுத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"அவளை நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வரேன்."

வேனில் ஏணியும் இருந்தது. நேற்று அதை இறக்கி வைத்தது மனைவிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சிரிப்பை மறைத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

தங்கை வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே வாளி, சட்டி, குண்டான் என்று தரை முழுக்கப் பாத்திரம். தையல் மெஷினுக்கு மேலே ஒரு குடையைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்கடியில் உட்கார்ந்து பாடிக்கொண்டே தைத்துக்கொண்டிருந்தாள் தங்கை.

"அண்ணே!" துள்ளி எழுந்தாள். "உள்ள வாண்ணே!"

"உக்கார வரல. கேட்டுட்டுப் போக வந்தேன். வீடு இருக்கற லட்சணத்துக்குப் பாட்டு ஒரு கேடா?"

"அழுதா மட்டும் ஒழுகறது நின்னுடுமா?"

"உன் வீட்டுக்காரர் எங்கே?"

"லோடு எடுத்துட்டுப் போயிருக்கார். வர நாளாகும்."

"ஊரார் துணி நனைஞ்சா என்ன பதில் சொல்லுவே? கொஞ்சமாவது கவலை இருக்கா உனக்கு?"

"கடவுள் பாத்துப்பார்ண்ணே."

கூரைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எப்படி? ஏணியைத் தூக்கிக்கிட்டு அவரே வருவாராக்கும்?"

பாத்திரங்களுக்கு நடுவே இருந்து தங்கை மகள் எட்டிப் பார்த்தாள். "மாமா, வாசல்ல நின்னு ஏன் நனையறீங்க? உள்ள இதை விடக் கம்மியாத்தான் ஒழுகும்."

சிரிப்பை அடக்க அவர் சட்டென்று தலையை நிமிர்த்தினார். அப்போதுதான் கூரை கண்ணில் பட்டது.

"எந்த மடையன் போட்ட கூரை இது? வாஷரே இல்லாம திருகாணி போட்டிருக்கான்!"

அதற்கு மேல் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. மழை சற்று ஓய்ந்ததும் ஏணி இறங்கியது. அவர் ஏறினார்.

மேலே சுத்தியல் சத்தம். நடுநடுவே வசவு.

"உன் கடவுள் வந்தார்னா சொல்லு, ஏணி என்னோடதுன்னு!"

"சொல்றேண்ணே!" கீழேயிருந்து சிரிப்பு.

ஓட்டைத் தகரத்தை மாற்றி, ஓரங்களுக்குத் தார் பூசி, அவர் இறங்கவும் மழை மறுபடி கொட்டவும் சரியாக இருந்தது. மூன்று பேரும் உள்ளே ஓடி வந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

தடதடவென்று தகரம் அதிர்ந்தது. ஒரு பொட்டுக்கூட உள்ளே வரவில்லை.

"மாமா!" என்று கத்திக்கொண்டே தங்கை மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

எப்போது உட்கார்ந்தோம், யார் தட்டை வைத்தது என்று கூரைக்காரருக்கே தெரியவில்லை. சுடச்சுடச் சோறு. வயிற்றில் நல்ல பசி. கூடவே, ஜெயித்துவிட்ட தெம்பு.

"இப்பவாவது புரிஞ்சுக்கோ. வேண்டிக்கிட்டா கூரை சரியாகிடுமா? நான் வந்தேன், ஆச்சு."

"நான் கூரைக்கு வேண்டிக்கவே இல்லையேண்ணே."

"என்னது?"

"நமக்கு என்ன வேணும்னு அவருக்குத் தெரியாதா? அதையெல்லாம் அவர்கிட்டயே விட்டுட்டேன்."

"அப்போ தினமும் கண்ணை மூடிக்கிட்டு என்னதான் கேட்டே?"

தங்கை கரண்டியும் கையுமாக நின்றாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது.

மகள்தான் முந்திக்கொண்டாள்.

"'எங்கண்ணன் ஒரு தடவை இந்த வீட்டுக்குள்ள வந்து உக்காரணும் சாமி'ன்னுதான் கேப்பாங்க மாமா!"