யாருக்கும் தெரியாத பணம்

"சார், சம்பளத்துல கொஞ்சம் அட்வான்ஸ் கிடைக்குமா?"

சூப்பர்வைசர் பரசுராமன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "போன மாசம்தானம்மா வாங்கினே? மறுபடி இன்னா?"

"வாடகை நிக்குது சார்." மாரிசெல்வி கம்பெனி அசெம்பிளி லைனில் நிற்கும் மற்ற பெண்களின் காதில் விழும்படியே சொன்னாள்.

கிடைக்காது என்று தெரிந்துதான் கேட்டாள். பேங்கில் அவள் பெயரில் ஒரு வீடே கட்டுகிற அளவுக்குப் பணம் கிடந்தது.

ஒரகடம் ரோட்டில் லாரி மோதிக் கணவன் மாசானம் இறந்தபோது மகள் சுகப்பிரியாவுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயசுகூட ஆகவில்லை. பத்து வருஷம் இழுத்த நஷ்டஈட்டுக் கேஸ் தோற்றுவிட்டது என்றுதான் மாரிசெல்வி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். சாதகமாகத் தீர்ப்பாகிப் பணம் கணக்கில் ஏறியது அவளுக்கும் வக்கீல் நம்பிராஜனுக்கும் மட்டுமே தெரியும்.

"தனியா இருக்கீங்க. மூச்சு விடாதீங்க" என்று வக்கீல் சொன்னதிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. மகளிடமும் சொல்லவில்லை. பத்தாவது படிக்கிற பிள்ளை, வாய் தவறி எங்காவது உளறிவிட்டால்?

பிள்ளைப்பாக்கத்து வாடகை அறையில் பகலிலும் தாழ்ப்பாள் போட்டாள். வக்கீல் கூப்பிட்டால் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கிசுகிசுத்தாள். கதவு தட்டப்பட்டால் பதில் சொல்லும் முன் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

போன வாரம் தலை பின்னிவிடும்போது சுகப்பிரியா கேட்டாள். "ஏம்மா, கம்பெனிய விட்டு வெளிய வரும்போது பையெல்லாம் நல்லா செக் பண்ணுவாங்களா?"

"பின்ன? ஒரு ஸ்க்ரூவக்கூட எடுத்துட்டு வர முடியாது. எதுக்குக் கேக்க?"

"சும்மாதான்."

நேற்று ஒரு போன் வந்தது. பேசியது கொழுந்தன் இசக்கிபாண்டி. இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காதவன்.

"மதினி, நல்லா இருக்கீயளா? கைல ஏதாவது பணம் பொழங்குதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

இன்று ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கார அம்மாவின் மகள் பூஜா மட்டும் சைக்கிளில் வந்து இறங்கினாள்.

"சுகப்பிரியா எங்க பூஜா?"

"அவ இன்னிக்கு க்ளாஸுக்கே வர்லியே ஆன்ட்டி. வூட்டுல இல்லையா?"

காலையில் யூனிஃபார்ம் போட்டு, பையை மாட்டிக்கொண்டு போன பிள்ளை. மாரிசெல்வி உடனே இசக்கிபாண்டிக்குப் போன் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது.

அப்போது புது நம்பரிலிருந்து அழைப்பு. தடித்த ஆண் குரல்.

"சுகப்பிரியா அம்மாவா? பொண்ணு எங்கிட்டதான் கீது. வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டு பின்னால, பச்சை கேட்டு. தனியா வாங்க, யாரையும் இட்டுனு வராதீங்க."

"ஐயா, பிள்ளைய ஒன்னும் பண்ணிராதீங்க..."

"பணம் விஷயம். போன்ல வேணாம், நேர்ல பேசிக்கலாம்."

லைன் கட்டாகிவிட்டது.

போலீஸுக்குச் சொல்லப் பயம். சொல்லாமல் போகவும் பயம். ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். கார் ஏற்றிப் போகும் நீளமான லாரிகள் ஒவ்வொன்றாக உரசிக் கடந்தபோது மாசானம் கிடந்த கோலம் கண்ணில் வந்து போனது.

அந்த மனுஷன் உயிருக்குக் கிடைத்த காசு. போனால் போகட்டும், அத்தனையையும் கொடுத்துவிடலாம். பிள்ளை முழுசாகக் கிடைத்தால் போதும்.

பச்சை கேட்டைத் திறந்தது வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரிய உருவம். மாரிசெல்வி அப்படியே அவர் காலில் விழுந்தாள்.

"எவ்வளவு வேணும்னாலும் தாரேன் ஐயா. பிள்ளைய விட்டுருங்க."

அவர் பதறிப் பின்வாங்கினார். "எந்திரிம்மா மொதல்ல. இன்னா பேசுற நீ? என் பேரு யாக்கோபு. கம்பெனி கேன்டீனுங்களுக்குச் சாப்பாடு செஞ்சி அனுப்புறேன்."

அப்போதுதான் அவளுக்குச் சாம்பார் வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே ஆள் உயர அண்டாக்கள்.

"உம் பொண்ணு காலைல வேலை கேட்டு வந்துச்சு. பதினெட்டு வயசுன்னு சொல்லிச்சு. பையில பார்த்தா கழட்டி வச்ச யூனிஃபார்மும் பத்தாங்கிளாஸ் புக்கும். வேலை கெடையாதுன்னா, ஒரு வருஷச் சம்பளத்த முன்னாடியே குடுங்கன்னு ஒரே அழுகை. அதுகிட்ட உன் நம்பர் வாங்கறதுக்குள்ள சாயந்தரம் ஆயிட்ச்சு. பொம்பளப் புள்ள, நாலு பேருக்குத் தெரிய வேணாமேன்னுதான் தனியா வரச் சொன்னேன்."

சுகப்பிரியா ஒரு மூலையில் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். மாரிசெல்வி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். அடிக்க ஓங்கிய கை தானாகத் தலையைத் தடவியது.

இனி மறைப்பதற்கில்லை. மகளின் காதோடு வாயை வைத்தாள். "ஏட்டி, நாம ஒன்னும் இல்லாதவங்க இல்ல. அம்மாட்ட பணம் இருக்கு. நெறைய இருக்கு."

"தெரியும்" என்றாள் சுகப்பிரியா. "ஒன் போன்ல பேங்க் மெசேஜ் வந்தப்பவே பாத்துட்டேன்."

"பின்ன எதுக்குட்டி வேலைக்கு வந்த?"

சுகப்பிரியா யாக்கோபு நிற்கும் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, மிகவும் தணிந்த குரலில் சொன்னாள்.

"செலவானத நான் சம்பாதிச்சுத் தாரேன். போலீஸ் வாரதுக்குள்ள, கம்பெனில திருடுனதத் திருப்பிக் குடுத்துரும்மா."