அக்காவின் இஞ்சி டீ

“பெத்த பிள்ளை மாதிரி தூக்கி வளர்த்தேன்டி அவனை. ஒரு வாய் டீக்கு இப்படி ஏங்க வைக்கிறாளே, இவளெல்லாம் ஒரு பொம்பளையா?”

அக்கா போனில் தங்கையிடம் பொருமிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தவில்லை. சமையலறையில் இருந்த தம்பி மனைவி காதில் விழட்டும் என்றுதான் பேசியதே.

தம்பி பஸ் டிரைவர். டிப்போவில் வண்டியை விட்டு இறங்கும்போது படி வழுக்கி, தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். ரத்தம் நிறையப் போனதில் ஹீமோகுளோபின் எட்டுக்கு இறங்கிவிட்டது. வாக்கரைப் பிடித்து எழுந்தாலே தலை கிறுகிறுத்து மறுபடியும் கட்டிலில் உட்கார்ந்துவிடுவான்.

“மூணு வாரத்துல பத்தைத் தொடணும். இல்லேன்னா திரும்ப அட்மிட் பண்ணி ரத்தம் ஏத்தணும்” என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். “காலைல வெறும் வயித்துல, எலுமிச்சை ஜூஸோட. அதை ஒட்டி டீ மட்டும் கூடவே கூடாது. மாத்திரையை உடம்புல சேர விடாது.”

அவ்வளவுதான். அந்த டிரைவருக்கு மனைவியே கண்டக்டர் ஆகிவிட்டாள். அவள் விசில் கொடுக்காமல் கட்டில் பக்கம் ஒரு சொட்டு டீ போகாது.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. கண் விழித்ததும் டீ கேட்டே பழகியவன் தம்பி. அதனால் தினமும் தம்பி மனைவி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனதும், இஞ்சி தட்டிப் போட்ட டீயைத் துண்டுக்குள் மறைத்துக் கொண்டுவருவாள்.

“சீக்கிரம் குடிச்சிடுடா.”

“நீ வாசல்ல போய் நில்லுக்கா. அவ வந்தா கனைச்சுக் காட்டு.”

அக்கா கதவுக்கு வெளியே முதுகைக் காட்டிக் காவல் நிற்பாள். திரும்பி வந்தால் டம்ளர் காலி.

“அமிர்தம்க்கா!” என்று உதட்டைத் துடைத்துக்கொள்வான் தம்பி. அக்காவுக்கு மனசு குளிர்ந்துவிடும்.

மூன்றாவது வாரம் ரிப்போர்ட் வந்தது. பத்தரை!

“டீயை நிறுத்தினதுக்குப் பலன் கிடைச்சிடுச்சு. நல்லாப் பார்த்துக்கிட்டீங்கம்மா” என்று டாக்டர் தம்பி மனைவியைப் பாராட்டியதுதான் தாமதம், அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“யாரு சார் நிறுத்தினது? இவளுக்குத் தெரியாம தினமும் ஒரு டம்ளர் இஞ்சி டீ நான் குடுத்தேன். அதுலதான் அவன் தேறினான். மாத்திரையாவது, மண்ணாங்கட்டியாவது!”

டாக்டர் ரிப்போர்ட்டை இன்னொரு முறை பார்த்தார். தம்பி மின்விசிறியைப் பார்த்தான். தம்பி மனைவி வாக்கரை எடுத்து நகர்த்திக் கொடுத்தாள்.

வாயடைத்துப் போய்விட்டாள் பார்! அன்று முழுக்க அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையில் கடைசி மாத்திரையைக் கொடுத்துவிட்டு, புதிதாக வாங்கிவரக் கிளம்பினாள் தம்பி மனைவி.

“அண்ணி, கட்டிலுக்கு அடியில இருக்கிற யூரின் பாட்டிலை மட்டும் கொஞ்சம் கொட்டிடறீங்களா? நான் வர நேரமாகும்.”

மூன்று வாரமாக அக்கா அந்தப் பாட்டில் பக்கமே போனதில்லை. அதெல்லாம் பெண்டாட்டி பாடு என்பது அவள் கட்சி.

முதலில் தம்பிக்கு டீ.

“அவதான் கடைக்குப் போயிட்டாளே, நிதானமா குடிடா.”

“எதுக்கும் நீ வாசல்ல நில்லுக்கா.”

நின்றாள். திரும்பி வந்தாள். டம்ளர் காலி. குனிந்து பாட்டிலை எடுத்தாள்.

“ஐயோ, வேணாம்க்கா! அவ வந்து கொட்டிப்பா!” தம்பி பதறினான்.

“சும்மா கிடடா.”

மூக்கைப் பொத்திக்கொண்டு பாத்ரூமில் கவிழ்த்தாள். பொத்திய விரல்களையும் மீறி வாசனை ஏறியது. இஞ்சி வாசனை! பாட்டிலின் வாயில் பாலாடை வேறு ஒட்டிக்கொண்டிருந்தது.

அக்கா பாட்டிலும் கையுமாக நின்றாள். டாக்டரிடம் பேசியது நினைவுக்கு வந்தது. போனில் பேசியதும் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

செருப்புச் சத்தம் கேட்டது. தம்பி மனைவி வந்து அவள் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

“உனக்கு... தெரியுமா?”

“மூணு வாரமா நான்தானே அண்ணி கொட்டறேன்? உங்க மனசு நோகக் கூடாதேன்னு அவர் படற பாடு இது.” அவள் குழாயைத் திறந்து பாட்டிலைக் கழுவ ஆரம்பித்தாள். “நாளையிலேர்ந்து இஞ்சியை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்குங்க. எத்தனை தடவை கழுவினாலும் வாசனை போக மாட்டேங்குது.”