ஆழ்ந்த நிலை

"இன்னைக்கே ஒரு முடிவு பண்ணுங்க சார். ஒண்ணு அந்தம்மா வரணும், இல்ல நாங்க வரணும்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அந்தம்மா என்பது குறட்டை அக்கா. நாலு மாதத்துக்கு முன்னால் தியான வகுப்பில் சேர்ந்தவர். சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோரும் கண்ணை மூடுவார்கள். ஐந்து ஐந்துக்குப் பின்வரிசையிலிருந்து குறட்டை கிளம்பும். 'கொர்ர்ர்' என்று ஏறி, மெல்லிய விசிலோடு இறங்கும். ஆறு மணிக்கு மணி அடித்ததும் அக்கா பளிச்சென்று கண்ணைத் திறப்பார். எல்லோரையும் பார்த்து ஒரு சிரிப்பு. அப்புறம் விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விடுவார்.

முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. முதுகுக்குப் பின்னால் பேச மட்டும் குறைச்சலே இல்லை.

"தூங்கறதுக்கு வீடு இல்லையா அவங்களுக்கு?"

"பக்கத்துல உக்காந்தா எனக்கும் கொட்டாவி வருது."

"பதினோரு வருஷமா வர்றேன். இந்த நாலு மாசமா மனசு ஒரு நிமிஷம்கூட நிக்க மாட்டேங்குது."

கடைசியாகச் சொன்னவர் ஸ்டேஷன் மாஸ்டர். ஓய்வு பெற்றவர். வகுப்புக்குக் குரு என்று யாரும் கிடையாது. ஹால் சாவியும் மணியும் இவர் பொறுப்பு. உண்மையைச் சொன்னால், அதற்கு முந்தைய வருஷங்களிலும் அவர் மனசு நின்றதில்லை. கண்ணை மூடினால், சர்வீஸில் லேட்டாக வந்த ரயில்கள் எல்லாம் வரிசை கட்டி வரும். ஆனால் பழி போட ஒரு ஆள் கிடைத்தபிறகு அதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்?

"விடுங்க. நாளைக்கு வகுப்பு லீவுதானே? நானே அவங்க வீட்டுக்குப் போய், இனிமே வர வேண்டாம்னு பக்குவமா சொல்லிட்டு வந்துடறேன்" என்றார்.

மறுநாள் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். பாம்பும் சாக வேண்டும், தடியும் உடையக் கூடாது.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்த அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வாங்க சார், வாங்க! அத்தை, யார் வந்திருக்காங்க பாருங்க!"

கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என்னை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்தியாப்பா?"

"அப்புறமா போலாம் அத்தை" என்று தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அக்கா திரும்பினார். "அவங்களுக்கு ஞாபகமெல்லாம் போயிடுச்சு சார். ராத்திரி மணிக்கொரு தடவை எழுந்து கதவைத் திறந்துட்டுக் கிளம்பிடுவாங்க. அதான் என் கையையும் அவங்க கையையும் ஒரு துண்டால கட்டிக்கிட்டுப் படுக்கறது. பகல்ல நாத்தனார் வந்து பாத்துப்பாங்க, நான் ஆஸ்பத்திரி லாண்டரில போர்வை மடிக்கப் போயிடுவேன். நாலு மணிக்குப் பொண்ணு காலேஜ் விட்டு வந்ததும், அவகிட்ட விட்டுட்டு வகுப்புக்கு ஓடி வந்துடுவேன்."

ஸ்டேஷன் மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்த வகுப்பு விஷயமாத்தான்மா வந்தேன்..."

"நானே உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன் சார்." அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சாமி கும்பிடக்கூட நேரம் இல்லாதவ நான். தியானமெல்லாம் நமக்கு எங்க வரப்போகுதுன்னு நினைச்சுக்கிட்டேதான் சேர்ந்தேன். உடம்பு இருக்கறதே மறந்து போகும், நேரம் போறதே தெரியாதுன்னு முதல் நாள் சொன்னீங்களே, அப்படியே நடக்குது சார்! கண்ணை மூடறேன், அவ்வளவுதான். எங்கேயோ போயிடறேன். நீங்க மணி அடிச்சாத்தான் திரும்பி வர்றேன்."

ஸ்டேஷன் மாஸ்டர் குறுக்கிடப் பார்த்தார். அக்கா நிறுத்தவில்லை.

"சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் அத்தையை அடிக்கக் கையை ஓங்கிட்டேன் சார். பாவம், அவங்க மூலையில போய் ஒண்டிக்கிட்டாங்க. எனக்கே என்னைப் பாத்து பயமாப் போச்சு. இப்பல்லாம் குரலைக்கூட உயர்த்தறதில்ல. இந்த ஒரு மணி நேரம் மட்டும் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ!" கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஆமா, நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே சார்?"

"அது வந்து..."

வழியெல்லாம் பார்த்த ஒத்திகையில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. பதினோரு வருஷமாகத் தனக்குக் கிடைக்காத ஒன்று இந்தப் பெண்ணுக்கு ஐந்தே நிமிஷத்தில் கிடைக்கிறது. அதற்குப் பெயர் தூக்கம் என்றால்தான் என்ன?

"எங்க எல்லாரையும் விட நீங்கதான் ரொம்ப ஆழமா போறீங்கம்மா. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார். "இனிமே நாலரைக்கே ஹாலைத் திறந்துடறேன். முடிஞ்சா கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க. சுவரோரமா சாஞ்சு உக்காருங்க, முதுகு வலிக்காது."

அடுத்த நாள் ஐந்து மணிக்கு மருந்துக்கடைக்காரர் ஹாலுக்குள் நுழைந்தபோது குறட்டை உச்சத்தில் இருந்தது. அக்காவின் முதுகுக்குப் பின்னால் தலையணை வேறு.

"என்ன சார் இது அநியாயம்! நீங்க சொல்லவே இல்லையா?" என்று குரலை உயர்த்தினார்.

ஸ்டேஷன் மாஸ்டர் பதறிப்போய் எழுந்து வந்து, உதட்டின்மேல் விரலை வைத்தார்.

"உஷ்! மெதுவாப் பேசுங்க. இத்தனை வருஷத்துல இந்த ஹால்ல தியானம் கைகூடினது அவங்க ஒருத்தருக்குத்தான். கலைச்சிடாதீங்க."